கணுக்கால் மூட்டு இணைப்பு: கிடைப்பது என்ன, விடுவது என்ன?

நம் சங்க மலருக்கு மருத்துவக் கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்கும்போதெல்லாம், "முழங்கால் வலியைப் பற்றி எழுதுங்களேன் டாக்டர்" என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நம் மூத்தவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் முழங்காலுக்கு வந்துவிடும். ஆனால் முப்பது வருடங்களுக்கு மேலாக மும்பையில் எலும்பு மருத்துவம் பார்த்து வருகிற நான், இந்த ஆண்டு அதற்குச் சற்றுக் கீழே உள்ள மூட்டைப் பற்றி எழுதுவதாகச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். கணுக்கால் தேய்ந்துபோய் வருகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவர்கள் படும் பாடும், அவர்கள் எடுக்க வேண்டிய முடிவும் பெரியவை. அந்த முடிவைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் எடுத்தவர்களைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

கணு என்ற சொல்லை முதலில் பாருங்கள். கரும்புக்கும் மூங்கிலுக்கும் கணு உண்டு. இரண்டு துண்டுகள் சேருகிற இடம் அது. அது வளையாது, பாரத்தைத் தாங்கும். மனிதனின் கணுக்கால் பாரத்தையும் தாங்கி, வளைந்தும் கொடுக்கிறது. தேய்மானம் முற்றிப்போன கணுக்காலில் இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றுவது எப்போதும் முடிவதில்லை. அப்போது வளைவை விட்டுக்கொடுத்துப் பாரம் தாங்கும் வலிமையை மட்டும் காப்பாற்றுவதுதான் மூட்டு இணைப்பு அறுவை சிகிச்சை. மருத்துவத்தில் ஆர்த்ரோடெசிஸ் என்பார்கள்.

கணுக்கால் ஏன் தேய்கிறது?

முழங்காலும் இடுப்பும் பெரும்பாலும் வயதாவதால் தேய்கின்றன. கணுக்காலின் கதை வேறு. இங்கே தேய்மானம் கண்டவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல், என்றோ ஒரு நாள் அடிபட்டவர்கள். பைக்கில் போய் விழுந்து எலும்பு முறிந்தவர், மாடிப்படியில் கால் பிரண்டவர், ஒரே கால் திரும்பத் திரும்பச் சுளுக்கியவர் என்று பட்டியல் நீளும். எலும்பு கூடிவிட்டது, மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று, ஆளும் மறந்துவிட்டார். சராசரியாக இருபது ஆண்டு கழித்து வலி வந்து கதவைத் தட்டும். அதனால்தான் கணுக்கால் நோயாளிகள் முழங்கால் நோயாளிகளைவிட வயது குறைந்தவர்களாக இருக்கிறார்கள். ஐம்பது வயதில், இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே வருகிறார்கள்.

முடக்குவாதம், காசநோய் தாக்கிய மூட்டு, ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய், பிறவியிலேயே வளைந்த பாதம் ஆகியவை மற்ற காரணங்கள்.

இந்த மூட்டின் அமைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேலேயிருந்து வரும் டிபியா, ஃபிபுலா என்ற இரண்டு எலும்புகள் ஒரு கிட்டிபோல் பிடித்துக்கொள்ள, நடுவில் டாலஸ் என்ற சிறு எலும்பு முன்னும் பின்னும் அசைகிறது. நடக்கும்போது உடல் எடையைப்போல் ஐந்து மடங்கு வரை இதன்மேல் இறங்குகிறது. தாங்கும் பரப்போ முழங்காலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மேலே போர்த்தியிருக்கும் குருத்தெலும்பின் கனம் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். அது போய்விட்டால் எலும்போடு எலும்பு உரசும். 2008-இல் வெளியான ஒரு கனடா ஆய்வு, முற்றிய கணுக்கால் தேய்மானம் தரும் வேதனையும் முடக்கமும், முற்றிய இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல என்று காட்டியது. "கணுக்கால்தானே" என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வதை நிறுத்த வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால்

எக்ஸ்ரேயில் மூட்டு மோசமாகத் தெரிவது மட்டுமே கத்தியை எடுக்கக் காரணமாகாது. எடையைக் குறைப்பது, வலி மாத்திரை, கணுக்காலை அசையவிடாமல் பிடிக்கும் பட்டை அல்லது பூட்ஸ், எதிர்ப்பக்கக் கையில் ஊன்றுகோல் இவற்றை முதலில் முயல வேண்டும். அடிப்பாகம் ஆடு நாற்காலியின் அடிக்கட்டை மாதிரி வளைந்திருக்கும் செருப்பும் நன்றாக உதவும். கால் மடங்காமலே உடம்பை அது முன்னால் உருட்டிவிடுகிறது. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரமோ சில மாதமோ நிம்மதி தரும். இப்படியே பத்து வருடம் ஓட்டியவர்கள் உண்டு. சயானில் ஒரு பெரியவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இன்றும் காலையில் நடக்கப் போகிறார். அவருக்கு ஆபரேஷன் தேவைப்படவே இல்லை.

இதையெல்லாம் செய்தும் இரவில் வலி தூங்கவிடவில்லை, கடைத்தெரு வரை போய்வர முடியவில்லை என்றால்தான் அடுத்த கட்டம்.

இணைப்பு என்றால் என்ன?

"டாக்டர் ஐயா, மூட்ட ஒட்டிட்டா காலு கம்பு மாதிரி ஆயிருமே, எப்படி நடக்க?" என்று தாராவியிலிருந்து வந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் கேட்டார். பலர் மனதில் இருக்கும் கேள்விதான். பதிலுக்கு முன் கொஞ்சம் வரலாறு.

1870-களின் இறுதியில் ஆஸ்திரியாவில் எடுவார்ட் ஆல்பர்ட் என்ற அறுவை மருத்துவர் இந்த முறையைச் செய்து காட்டினார். இளம்பிள்ளை வாதத்தால் துவண்டுபோன கால்களை நிற்கவைப்பதே அப்போதைய நோக்கம். 1951-இல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, எலும்பு முனைகளைக் கம்பிகளாலும் திருகுகளாலும் இறுக்கி அழுத்திவைத்தால் நன்றாக ஒட்டுகிறது என்று எழுதினார். பிற்காலத்தில் இடுப்பு மாற்று சிகிச்சையால் உலகப் புகழ் பெற்றாரே, அதே சார்ன்லிதான். 1980-களில் சிறு துளை வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி முறை வந்தது. காலின் கோணல் அதிகம் இல்லாதவர்களுக்கு இது ஏற்றது. காயம் சிறிது, மருத்துவமனையில் தங்கும் நாளும் குறைவு.

முறை எதுவானாலும் அடிப்படை ஒன்றே. மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, உள்ளே ரத்தம் கசியும் உயிருள்ள எலும்பு தெரியும்படி செய்கிறோம். இரண்டு எலும்புகளையும் சரியான கோணத்தில் பொருத்தி, இரண்டு மூன்று பெரிய ஸ்க்ரூக்களாலோ பிளேட்டாலோ இறுக்குகிறோம். பள்ளம் இருந்தால் இடுப்பிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ கொஞ்சம் எலும்பு எடுத்து நிரப்புகிறோம். அதன்பிறகு முறிந்த எலும்பு கூடுவதைப்போல உடம்பே இரண்டையும் ஒன்றாக்குகிறது. ஸ்க்ரூ பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். ஒட்டவைப்பது உடம்பின் வேலை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லும் சிக்கல்கள் எளிதில் புரியும்.

கோணம் மிக முக்கியம். பாதம் காலுக்குச் செங்குத்தாக, குதிகால் மிகச் சிறிதே வெளிப்பக்கம் சாய்ந்து, பாதத்தின் நுனி ஐந்து முதல் பத்து டிகிரி வெளியே திரும்பி இருக்க வேண்டும். விரல்நுனி கீழே தொங்கும்படி இணைத்துவிட்டால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் பின்னோக்கித் தள்ளப்படும்.

பிறகு எத்தனை நாள்?

இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பொதுவாக முதல் ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. அடுத்த ஆறு வாரம் கட்டு அல்லது பூட்ஸோடு படிப்படியாகப் பாரம் ஏற்ற வேண்டும். மூன்றாம் மாதத்தில் எக்ஸ்ரே. சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு முன்னதாகவே திரும்பலாம். நின்று செய்யும் வேலைக்கு நாலைந்து மாதம் ஆகும். வீக்கம் முழுவதும் வடிய ஒரு வருடம்கூட ஆகலாம். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வீட்டில் இருப்பவர் இந்த ஆறு வாரத்தை எங்கே கழிப்பது என்று முதலிலேயே குடும்பத்தோடு பேசி முடிவு செய்யட்டும்.

பலன் எப்படி?

பத்துப் பேருக்குச் செய்தால் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு எலும்பு ஒட்டுகிறது. ஒட்டியவர்களில் பெரும்பாலோருக்குப் பழைய வலி முற்றிலும் நீங்குகிறது அல்லது மிகவும் குறைகிறது. திருநெல்வேலிக்காரர் கேட்டதற்கும் இதோ பதில்: கால் கம்பாவதில்லை. பாதத்தின் நடுவில் உள்ள சிறு மூட்டுகள் கொஞ்சம் மேலும் கீழும் அசைந்து ஈடுகட்டுகின்றன. சமதரையில், சரியான செருப்போடு நடப்பவரைப் பார்த்து ஆபரேஷன் ஆனவர் என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். வேகம் சற்றுக் குறையும், அடி சற்றுக் குட்டையாகும். மேடு பள்ளத்திலும், சரிவில் ஏறும்போதும், படி இறங்கும்போதும் வித்தியாசம் தெரியும். ஓடுவதை மறந்துவிட வேண்டும்.

சிக்கல்கள்

முதலாவது, ஒட்டாமல் போவது. பத்தில் ஒருவருக்கு இது நேரலாம். மறுபடி திறந்து, எலும்பு வைத்து, இன்னும் மூன்று மாதம். புகைபிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய நாலு மடங்கு என்று 1994-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. நிகோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. டாலஸுக்கு இயல்பிலேயே ரத்த ஓட்டம் குறைவு. சிகரெட், பீடி மட்டும் என்று நினைக்காதீர்கள். வெற்றிலையோடு போடும் புகையிலை, இங்கே நம் பிள்ளைகள் பழகிக்கொள்ளும் குட்கா எல்லாவற்றிலும் நிகோடின் இருக்கிறது. ஆபரேஷனுக்கு ஒன்றரை மாதம் முன்பே நிறுத்தி, எலும்பு ஒட்டும்வரை தொடாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, காயம் ஆறாமை, சீழ் பிடித்தல். கணுக்காலில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை கிடையாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஆபத்து அதிகம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. சோதனை எட்டுக்குக் கீழே வரட்டும் என்று பல மருத்துவர்கள் காத்திருப்பார்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சியே போயிருந்தால் திட்டமே மாறும். நீண்ட காலம் கட்டு, கூடுதல் பிடிப்பு தேவைப்படும்.

மூன்றாவது, நரம்பு. பாதத்தின் மேற்புறத்துக்குப் போகும் மெல்லிய நரம்புகள் கத்திக்கு மிக அருகில் ஓடுகின்றன. மரத்துப்போவதோ சுரீர் என்ற எரிச்சலோ சிலருக்கு மிஞ்சும்.

நான்காவது, கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது. அசையாமல் கிடப்பதால் வருவது. உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஊரில் ஆபரேஷன் செய்துகொண்டு அடுத்த வாரமே ஒன்றரை நாள் ரயில் பயணம் செய்து திரும்ப நினைப்பவர்கள், பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

ஐந்தாவது, பல வருடம் கழித்து வருவது. கணுக்கால் செய்துவந்த வேலையை அக்கம்பக்கத்து மூட்டுகள் சேர்த்துச் செய்வதால் அவை தேய்கின்றன. அடிபட்ட கணுக்காலுக்கு இணைப்பு செய்துகொண்ட 23 பேரைச் சராசரியாக 22 ஆண்டு கழித்துப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2001-இல் வந்தது. பெரும்பாலோருக்கு அதே பாதத்தின் மற்ற மூட்டுகளில் தேய்மானம் இருந்தது. முழங்காலுக்குப் பாதிப்பு பரவவில்லை. எனவே ஐம்பது வயதில் செய்துகொள்பவர் எழுபதாவது வயதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாற்று மூட்டு வைக்கக் கூடாதா?

"முழங்காலுக்கு வைக்கிற மாதிரி இதுக்கும் வெச்சிடலாமே?" என்ற கேள்வி தினமும் வரும். வைக்கலாம். 1970-களிலிருந்தே செயற்கைக் கணுக்கால் உண்டு; முதலில் வந்தவை சீக்கிரமே தளர்ந்துவிட்டன, இப்போதையவை எவ்வளவோ மேல். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட, பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 50 முதல் 85 வயதுள்ள 303 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிகிச்சை செய்தார்கள். முடிவு 2022-இல் வந்தது. ஒரு வருடம் கழித்து இரு பிரிவினரும் நன்றாகத் தேறியிருந்தார்கள். நடப்பதிலும் நிற்பதிலும் இது உயர்ந்தது, அது தாழ்ந்தது என்று அறுதியிட்டுச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. மாற்று மூட்டில் காயம் ஆறாமையும் நரம்புச் சிக்கலும் கூடுதல். இணைப்பில் ரத்த உறைவு சற்றுக் கூடுதல். நூற்றுக்கு ஏழு பேருக்கு எலும்பு ஒட்டாமல் தொந்தரவும் இருந்தது.

பொதுவாக, வயது குறைந்தவர், பாரம் தூக்கும் வேலை செய்பவர், பழைய சீழ்நோய் உள்ளவர், பாத உணர்ச்சி குறைந்தவர் ஆகியோருக்கு இணைப்பு. வயதானவர், மெதுவாக நடமாடுபவர், பக்கத்து மூட்டுகளும் தேய்ந்தவர் ஆகியோருக்கு மாற்று மூட்டைப் பற்றி யோசிக்கலாம். மாற்று மூட்டு தளர்ந்தால் மறு ஆபரேஷன் தேவைப்படும் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் வீட்டு வாழ்க்கையில்

மேல்நாட்டு ஆய்வுகளில் அதிகம் காணாத சில விஷயங்கள் நமக்கு முக்கியம். இணைத்த கணுக்காலோடு குத்துக்காலிட்டு உட்கார முடியாது. எனவே இந்திய முறைக் கழிப்பறை உதவாது. வீட்டில் மேல்நாட்டு முறைக் கழிப்பறை வேண்டும், ஊர் வீட்டிலும் வேண்டும். குந்தி உட்கார்ந்து கோலம் போடுவது, காய் நறுக்குவது, துணி துவைப்பது எல்லாம் முக்காலிக்கு மாற வேண்டும். வஜ்ராசனமும், தொழுகையில் பாதத்தை மடித்து அமர்வதும் முடியாது. நாற்காலியில் அமர்ந்து செய்யலாம். சம்மணமிட்டு உட்காருவது முக்கியமாக இடுப்பையும் முழங்காலையும் சேர்ந்தது, அதனால் பலருக்கு முடிகிறது.

நாம் வீட்டிலும் கோயிலிலும் வெறுங்காலோடு நடப்பவர்கள். "நான் வெறுங்காலில் நடக்கிறவள்" என்று ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கோணத்தை வைப்பதற்கு அது தேவை. உயரக் குதி வைத்த செருப்பு வேண்டும் என்று விரலைக் கீழே சாய்த்து இணைத்துக்கொண்டால், பிராகாரம் சுற்றும்போது முழங்கால் கேட்கும்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு: நம் பைக்குகளில் இடது காலில் கியர், வலது காலில் பின் பிரேக். காரில் வலது காலில் பிரேக், இடது காலில் கிளட்ச். எந்தக் கால் என்பதைப் பொறுத்துக் கியர் இல்லாத ஸ்கூட்டரோ ஆட்டோமேட்டிக் காரோ வசதி. மருத்துவர் சரி என்னும்வரை எதையும் தொட வேண்டாம்.

யார் கேட்கிறார்கள், யாருக்குச் சொல்கிறார்கள்?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்று ஒரு சங்கடம் உண்டு. மருத்துவர் இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு மகன்தான் மொழிபெயர்ப்பாளர். கால்மணி நேரம் மருத்துவர் விளக்குவார். "என்னப்பா சொல்றார்?" என்று அம்மா கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, சின்ன ஆபரேஷன்தான், வலி போயிடும்னு சொல்றார்" என்று முடிந்துவிடும். பயமுறுத்தக் கூடாது என்ற பாசம்தான். சம்மதப் படிவத்திலும் கையெழுத்து விழுந்துவிடும்.

இப்படி வேறிடத்தில் ஆபரேஷன் ஆன ஓர் அம்மா, ஏழெட்டு மாதம் கழித்து என்னிடம் வந்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தேன். எலும்பு மிக நன்றாக ஒட்டியிருந்தது, கோணமும் சரி, பழைய வலியும் இல்லை. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "வலி போயிட்டுது டாக்டர். ஆனா எங்க ஊர் வீட்டுல குந்தி உட்கார்ற கக்கூஸ்தான். வயக்காட்டு வரப்புல நடக்க வராது. இனிமே கால் மடங்காதுன்னு எங்கிட்ட யாருமே சொல்லலியே" என்றார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மருத்துவக் கணக்கில் இது வெற்றி பெற்ற ஆபரேஷன். ஊருக்குத் திரும்பிப்போய்க் கடைசிக் காலத்தைக் கழிக்க நினைத்த அந்த அம்மாவின் கணக்கு வேறு. சொல்லியிருந்தாலும் அவர் ஒருவேளை சம்மதித்திருப்பார். கழிப்பறையை முன்கூட்டியே மாற்றியிருப்பார்கள். அல்லது, "பூட்ஸ் போட்டுக்கிட்டு இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டறேன்" என்றிருப்பார். எதுவானாலும் அது அவருடைய முடிவாக இருந்திருக்கும்.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவர் ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்தியதும், அதைத் தமிழில் முழுதாகச் சொல்லுங்கள். கீழ்க்கண்டவற்றை அம்மாவோ அப்பாவோ தம் வாயால் திருப்பிச் சொல்லும்வரை கையெழுத்து வேண்டாம்:

1. எந்த அசைவு போகும், எது மிஞ்சும்?
2. எத்தனை வாரம் கால் ஊன்றக் கூடாது? யார் பார்த்துக்கொள்வது?
3. ஒட்டாவிட்டால் அடுத்து என்ன?
4. மாற்று மூட்டு எனக்கு ஏன் ஏற்றது, அல்லது ஏன் ஏற்றதில்லை?
5. இப்போது செய்யாமல் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் நிம்மதி தருவது. கணுக்கால் தேய்மானம் உயிர்போகும் அவசரம் அல்ல; யோசிக்க நேரம் இருக்கிறது. ஊரில் செய்துகொண்டாலும் இங்கே செய்துகொண்டாலும், ஆபரேஷன் குறிப்பையும் எக்ஸ்ரேக்களையும் கையோடு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் பார்க்கும் மருத்துவருக்கு, உள்ளே என்ன ஸ்க்ரூ இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நல்ல மருத்துவர்களும் நல்ல கருவிகளும் இன்று நம் நாட்டின் பெருநகரங்களில் தாராளமாக இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நோயாளியின் காது வரை, நோயாளியின் மொழியில் போய்ச் சேருவதை மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். சங்க அன்பர் யாருக்கேனும் பெற்றோருடன் மருத்துவமனைக்குப் போகும்போது தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் தேவைப்பட்டால், நம் சங்கத்தில் கேளுங்கள். ஓய்வு பெற்ற நர்சுகளும் ஆசிரியைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள். அனைவரும் நலமுடன் நடமாட என் வாழ்த்துகள்.